மீஞ்சூரிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ. விமானம் அதை ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கடந்துவிடுகிறது. மீஞ்சூருக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 32 கி.மீ.தான். புறநகர் ரயிலுக்குக் காத்திருந்து, சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, மெட்ரோ பிடித்துப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு தூரம், கூடுதல் நேரம்.

விமானப் பயணத்தைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளிலேயே மிக எளிமையாகத் தெரிவது இதுதான்: இந்த விமான நிலையத்திலிருந்து அந்த விமான நிலையம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? இணையத்தில் தட்டினால் இரண்டு எண்கள் வந்து விழுகின்றன. அந்த எண்கள் எப்படி வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு வட்டாரத்திலிருந்து பார்ப்பது பொருத்தமானது. இதே ரயில் பாதையில் வடக்கே கும்மிடிப்பூண்டியில் தமிழகத்தின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. புழலில் இன்னொன்று. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்ற கேள்வி வெறும் கணக்கு அல்ல. பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் சேற்று நண்டு உயிரோடு விமானம் ஏறி சிங்கப்பூருக்குப் போகிறது. அதைப் பிடிக்கிறவருக்கும் வாங்கி அனுப்புகிறவருக்கும் பயண நேரம் என்பது பணம்.

முதலில் தூரம். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று அச்சிடப்படுவது யாரும் பறந்து அளந்த தூரம் அல்ல. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பெரும்பாலும் அது ஓடுபாதைகளின் மையத்தை ஒட்டி இருக்கும். அந்தப் புள்ளியின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் மிச்சமெல்லாம் கோண கணிதம். சென்னையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். மீனம்பாக்கம் வடக்கு அட்சம் 12 பாகை 59 கலையைத் தாண்டி. பலாலி 9 பாகை 47 கலையைத் தாண்டி. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல் மைல். ஆக 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கினால் 356 கி.மீ. வருகிறது. வானத்தில் விமானி பயன்படுத்துவதும் இதே கடல் மைல்தான். பழவேற்காட்டு முகத்துவாரத்தைத் தாண்டி ஜி.பி.எஸ். கருவியில் பாயிண்ட் போட்டுப் போகும் ஃபைபர் படகுக்காரர் கணக்கிடுவதும் அதே கடல் மைல்தான்.

அப்படியானால் ஒரு தளத்தில் 354 என்றும் இன்னொன்றில் 356 என்றும் ஏன் வருகிறது? பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்கிட்டால் 356. உண்மையில் பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நம் அட்சரேகையில் ஒரு பாகையின் நீளம் 110.6 கி.மீ., துருவங்களை ஒட்டி 111.7 கி.மீ. இந்தத் தட்டையையும் சேர்த்துக்கொண்டால் 354 வரும். இரண்டும் பிழையில்லை. விமான நிலையத்துக்குப் பதிலாக ஊரை வைத்து அளந்தால் எண் மேலும் மாறும். பழவேற்காட்டிலிருந்து யாழ் நகருக்கு நேர்கோடு போட்டால் 415 கி.மீ.யை ஒட்டி வருகிறது.

பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை இந்தியாவில் அளந்து காட்டிய வேலை தொடங்கியது மீனம்பாக்கத்தின் பக்கத்திலேயே. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, பெரும்பாக்கம் பக்கம் வரை சுமார் 12 கி.மீ. அதற்கு 57 நாள் பிடித்தது. அந்த ஒற்றைக் கோட்டின் மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய்த்தான் பின்னால் இமயம் வரை இந்தியா அளக்கப்பட்டது. இன்று சென்னையில் இறங்கும் விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், அந்த 12 கி.மீ.யைச் சில நிமிடங்களில் கடந்து போய்விடுகிறார். நம் ஊர் மாணவர்களைப் பரங்கிமலைக்கு அழைத்துப் போய் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

தொலைதூரப் பயணத்தில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடாவின் மேல் போகும். உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது பலூசிஸ்தானைத் தாண்டி, காஸ்பியன் கடலின் மேலாகப் போகும். இந்த நூல் வழிதான் குறுகியது. சுமார் 8,230 கி.மீ. தட்டையான படம் நம் கண்ணைப் பழக்கிவிட்டதால், விமானம் ஏன் இப்படி வடக்கே ஏறிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று முதல்முறை பறப்பவர்கள் கேட்கிறார்கள். அது சுற்று அல்ல, குறுக்கு வழி.

ஆனால் விமானம் அந்த நூலின் மேலும் போவதில்லை. வானில் பெயரிட்ட புள்ளிகள் உண்டு. அவற்றை இணைக்கும் தடங்கள் உண்டு. ராணுவப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய பகுதிகள் உண்டு. இந்திய வான்வெளி சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா என்று நான்கு தகவல் மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது. பொறுப்பு கைமாறும் இடங்களில் விமானம் குறிப்பிட்ட புள்ளியில், குறிப்பிட்ட உயரத்தில் இருந்தாக வேண்டும். அதனால் பறக்கும் தூரம் அச்சிட்ட தூரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

இனி நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம், விமானம் வானில் இருக்கும் நேரம் அல்ல. புறப்படும் இடத்தை விட்டு விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கிய ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது, இறங்கும் முன் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்ற பெயர் வராமலிருக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடுகின்றன. பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரத்தில் வந்ததாகவே கணக்கு.

எனவே குறுந்தூரத்தில் விமானம் வேகமான வாகனமே அல்ல. சென்னையிலிருந்து கோவை நேர்கோட்டில் சுமார் 405 கி.மீ.; கால அட்டவணையில் ஒன்றேகால் மணியை ஒட்டி. சராசரி வேகம் மணிக்கு 340 கி.மீ.யைத் தாண்டாது. டெல்லி 1,760 கி.மீ., மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு; சராசரி 620 சொச்சம். லண்டனுக்குப் பத்தரையிலிருந்து பதினொரு மணி. சராசரி 770ஐ நெருங்கும். டெல்லிக்கும் கோவைக்கும் போவது ஒரே வகை ஜெட் விமானமாகவே இருக்கலாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் ஆகும் நேரம் தூரத்தைப் பொறுத்துக் குறைவதில்லை என்பதுதான் காரணம். யாழ்ப்பாணத்துக்குப் போவது சிறகில் காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். விமானம். அதன் வேகமே மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டித்தான். அந்தத் தூரத்துக்கு அது போதும். ஜெட் விமானம் போனாலும் கால் மணிக்கு மேல் மிச்சமாகாது.

நேரத்தை மாற்றுவதில் மிகப் பெரியது காற்று. இதை விளக்கச் சென்னையைவிடத் தோதான ஊர் இல்லை. சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ. மேற்கே துபாய் சுமார் 2,930 கி.மீ. தமிழர்கள் வேலை தேடிப் போகும் இரண்டு பெரிய வாசல்களும் ஏறத்தாழ ஒரே தூரத்தில், எதிரெதிர்த் திசையில். இரண்டுக்கும் நான்கு மணி நேரத்தை ஒட்டியே ஆகிறது. ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றல்ல. ஜூலையும் ஜனவரியும் ஒன்றல்ல.

பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கிலிருந்து தெற்கே வன்னி ஓடுகிறதா, தெற்கிலிருந்து வடக்கே தெண்டி ஓடுகிறதா என்று பார்க்காமல் யாரும் டீசல் கணக்குப் போடுவதில்லை. அதே எஞ்சின், அதே தூரம்; நீரோட்டத்தோடு போனால் ஒரு நேரம், எதிர்த்துப் போனால் வேறு நேரம். விமானத்துக்கு அதைச் செய்வது காற்று.

ஒரு கணக்கு. காற்றில்லாத வானில் மணிக்கு 850 கி.மீ. போகும் விமானம் 2,930 கி.மீ.யைக் கடக்க 3 மணி 27 நிமிடம். 80 கி.மீ. வேகக் காற்று எதிரே வீசினால் 3 மணி 48 நிமிடம். அதே காற்று பின்னால் தள்ளினால் 3 மணி 9 நிமிடம். வித்தியாசம் 39 நிமிடம். போகும்போது இழந்ததைத் திரும்பும்போது முழுதாகப் பிடித்துவிடவும் முடியாது. போகவரச் சேர்த்துப் பார்த்தால் காற்றில்லாத நாளைவிட நான்கு நிமிடம் கூடுதலாகிறது. எதிர்க்காற்றில் செலவழிக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் இந்த இழப்பு தவிர்க்க முடியாதது.

நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று சாதாரணக் காற்றும் அல்ல. தென்மேற்குப் பருவத்தில், தரையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும்போது, பத்துப் பதினைந்து கி.மீ. உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பெரும் காற்று ஓடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ சென்னையின் அட்சரேகையிலேயே அதன் மையம் இருக்கும். இந்தக் கீழைத்தாரைக் காற்றை 1950களில் ஆராய்ந்து உலகுக்குக் காட்டியவர் இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் அந்தத் துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். அந்தக் காற்றின் உச்ச வேகம் 14 கி.மீ. உயரத்துக்கு மேலே; ஆனாலும் பயணிகள் விமானம் பறக்கும் 10 முதல் 12 கி.மீ. உயரத்திலும் அதன் இழுப்பு நன்றாகத் தெரியும். எனவே ஜூலையில் சிங்கப்பூருக்குப் போகும் விமானம் எதிர்க்காற்றில் போகிறது. துபாய்க்குப் போவது காற்றோடு போகிறது. குளிர்காலத்தில் வடக்கே ஏற ஏற மேலைக்காற்று வலுக்கும். அப்போது துபாய் போகும் விமானம் திணறும், அங்கிருந்து வருவது விரைந்து வரும். மழை இன்றைக்கு வருமா என்று கேட்கும் அளவுக்கு மேல்வானக் காற்றைப் பற்றி நாம் கேட்பதில்லை. நம் பருவமழையோடு பிணைந்த காற்று அது, தெரிந்துகொள்ளத் தகுந்தது.

தூரம் கூடினாலும் நேரம் குறையும் வழியைத் தேர்ந்தெடுப்பது விமானம் கண்டுபிடித்த வித்தை அல்ல. பழவேற்காட்டில் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் அதற்குச் சற்று முன்பே அதைச் செய்துவிட்டன. 1611இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற கப்பல் தலைவர், ஆப்பிரிக்காவின் தென்முனையைத் தாண்டியதும் வழக்கம்போல வடகிழக்கே திரும்பாமல், இன்னும் தெற்கே இறங்கி, அங்கே ஓயாமல் வீசும் மேலைக்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே ஜாவாவுக்கு ஏறினார். தூரம் கூடியது, ஓராண்டை ஒட்டி ஆகிக்கொண்டிருந்த பயணம் ஏறத்தாழப் பாதியானது. பழவேற்காட்டிலிருந்து போன துணிகளைக் கொடுத்து மசாலாத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கிய அந்த வணிகம் முழுக்கக் காற்றின் கணக்கில் நடந்தது. இன்றும் விமான நிறுவனத்தின் கணினி ஒவ்வொரு நாளும் காற்றைப் பார்த்துத்தான் வழி போடுகிறது. நேர்வழியைவிட நூறு இருநூறு கி.மீ. சுற்றினால் எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் என்றால் சுற்றித்தான் போகும்.

பழவேற்காட்டுக்கு வானத்தோடு இன்னொரு உறவு உண்டு. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் 80 கி.மீ. தூரம்தான். ராக்கெட் ஏவும் நாளில் இரண்டு அறிவிப்புகள் போகின்றன. ஒன்று விமானிகளுக்கு: இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை இந்தப் பகுதிக்குள் வராதே. மற்றது கடலில் இருப்பவர்களுக்கு. விசாகப்பட்டினம், புவனேஸ்வரம், கொல்கத்தா போகும் விமானங்கள் ஒதுங்கிப் போகின்றன. சில நிமிடம் கூடுகிறது. பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் படகு கரையிலேயே நிற்கிறது. அன்றைய பாடு போகிறது. விமான நிறுவனம் அந்த நிமிடங்களை டிக்கெட் விலையில் சேர்த்துக்கொள்ளும். மீனவர் அந்த நாளை யார் கணக்கிலும் சேர்க்க முடியாது. நாட்டுக்கு வேண்டிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வழி மூடுவதன் விலை எல்லார் மேலும் ஒரேபோல விழுவதில்லை. இதற்கென்று நிலையான இழப்பீடு இருந்தாக வேண்டும்.

ராக்கெட்டுக்கே இந்தத் தொல்லை உண்டு. துருவப் பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. நேராகத் தெற்கே போக முடியாது. இலங்கையின் மேல் பறக்கக் கூடாது. எனவே முதலில் தென்கிழக்கே போய், நடுவழியில் தெற்கே திரும்புகிறது. திரும்புவதற்கு எரிபொருள் செலவாகிறது. சுமக்கும் எடை குறைகிறது. இந்த வளைவைத் தவிர்க்கத்தான் திருச்செந்தூர் அருகே குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டப்படுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே திறந்த கடல்.

நாடுகளின் எல்லைகள் விமானங்களுக்கும் அதையே செய்கின்றன. 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது வடஇந்தியாவிலிருந்து மேற்கே போன விமானங்கள் மணிக்கணக்கில் சுற்றின. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு அது மீண்டும் மூடப்பட்டது. பூமி அதே பூமி, தூரம் அதே தூரம்.

யாழ்ப்பாணத்தின் கதை இதில் எல்லாவற்றையும்விடக் கசப்பானது. பலாலியில் ஓடுபாதையைப் போட்டது இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ஒரு டக்கோட்டா, கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து கிளம்பி காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. ஒரு நாடு தன் விமான சேவையைத் தொடங்கியபோது முதலில் இணைத்தது யாழ்ப்பாணத்தையும் சென்னையையும். பிறகு அந்த வழி நின்றது, போர் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நேரடி விமானம் இல்லை. யாழ்ப்பாணம் போக வேண்டியவர் 650 கி.மீ. பறந்து கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. சாலையில் வடக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. பலாலியைத் தாண்டி இன்னும் தெற்கே போய்த் திரும்பும் பயணம். போர்க்காலத்தில் அந்தச் சாலையும் மூடிக் கிடந்த ஆண்டுகள் உண்டு. 355 கி.மீ. தூரம், ஆயிரம் கி.மீ.க்கு மேலாகிப் போனது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் பறக்கிறது. காற்றும் கணிதமும் முடிவு செய்வதைவிட, இரண்டு ஊர்களுக்கு இடையிலான நேரத்தை அரசுகள் அதிகமாக முடிவு செய்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இயற்கையும் தன் பங்குக்கு வழியை அடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பொங்கி மீனம்பாக்கம் சில நாட்கள் மூடிக் கிடந்தபோது அரக்கோணம் கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணிகளை ஏற்றினார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் மறுபடி மூடினார்கள்.

இனி, எந்தத் தளமும் காட்டாத நேரத்துக்கு வருகிறேன். மீஞ்சூரில் வீட்டுப் படியிலிருந்து யாழ் நகரில் இன்னொரு வீட்டுப் படி வரை. மீனம்பாக்கம் சேர இரண்டு மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாக இருக்கச் சொல்கிறார்கள். பறப்பது ஒன்றரை மணி. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து, பலாலியிலிருந்து நகருக்குப் போக இன்னொரு மணிக்கு மேல். மொத்தம் எட்டு மணி நேரத்தை நெருங்குகிறது. அதில் வானில் இருப்பது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் வேகமான விமானத்தை விட்டாலும் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. மாற்றம் வர வேண்டியது தரையில்.

பெங்களூருவை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு. நேர்கோட்டில் 270 கி.மீ., ஒரு மணி நேர விமானம். மீஞ்சூர்க்காரருக்கு விமான நிலையம் சேர இரண்டு மணி, அங்கே ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் போக ஒன்றரை மணி. ஆக ஆறு மணி. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரே ரயில். அங்கிருந்து வந்தே பாரத் நாலேகால், நாலரை மணியில் பெங்களூரு நகருக்குள்ளேயே இறக்கிவிடுகிறது. நேரம் அதேதான், பணம் மிச்சம். நானூறு கி.மீ.க்குள் இருக்கும் ஊர்களுக்கு, வடசென்னையைத் தாண்டி வசிப்பவர்கள் விமானத்தைத் தேடவே வேண்டாம் என்பது என் முடிவு.

சேற்று நண்டுக்கு ரயில் இல்லை. பழவேற்காட்டில் காலைக் கட்டிக் கூடையில் வைத்த நண்டு ஈரத்தோடு இருந்தால் தண்ணீருக்கு வெளியேயும் உயிர் தாங்கும். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் எடை குறையும். செத்த நண்டுக்கு அந்த விலை கிடையாது. சிங்கப்பூர் வரையான நாலேகால் மணி விமானத்தை யாரும் சுருக்க முடியாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, மீஞ்சூர் வழியாகக் கனரக லாரிகளோடு முட்டிமோதி நகரத்தைக் கடந்து மீனம்பாக்கத்தின் சரக்கு முனையம் சேரும் நேரத்தைச் சுருக்க முடியும். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் லாரிகள் இந்தப் பக்கச் சாலைகளை எப்படி ஆக்கியிருக்கின்றன என்று இந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் நல்லபடியாக நடந்திருக்கிறது. வண்டலூரில் தொடங்கும் சென்னை வெளிவட்டச் சாலை 62 கி.மீ. ஓடி மீஞ்சூரில்தான் முடிகிறது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் நகரத்துக்குள் நுழையாமல் மீனம்பாக்கம் பக்கம் போய்விடலாம். வண்டி இல்லாதவருக்கு அந்தச் சாலையால் அவ்வளவு பயன் இல்லை.

இதற்கிடையே சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வரப்போகிறது. 2022 ஆகஸ்டில் பரந்தூரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசிவரை போட்டியில் இருந்த இன்னொரு இடம் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூர். அந்தத் திட்டத்துக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் வயலையும் ஏரியையும் விட மறுத்து அன்றிலிருந்து போராடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதில் நேர்மையாக இருக்க வேண்டும். நம் கணக்குக்கு வந்தால், மீஞ்சூரிலிருந்து பரந்தூர் நேர்கோட்டில் 70 கி.மீ.யை ஒட்டி, மீனம்பாக்கத்தைப்போல இரண்டு மடங்கு. பன்னாட்டு விமானங்கள் அங்கே மாறினால், சென்னை–சிங்கப்பூர் விமான நேரம் ஒரு நிமிடமும் மாறாது. பழவேற்காட்டுக்காரரின் பயணம் மட்டும் நீளும்.

பூந்தமல்லியிலிருந்து பரந்தூருக்கு மெட்ரோ நீட்டிப்பு திட்டத்தில் இருக்கிறது. வெளிவட்டச் சாலை பூந்தமல்லிக்கு அருகே நசரத்பேட்டையைத் தொட்டுக்கொண்டு போகிறது. மீஞ்சூரிலிருந்து அங்கே வரை அரை மணிக்கு ஒரு விரைவுப் பேருந்து, விடியற்காலை விமானத்தைப் பிடிக்கும்படி இரவிலும் ஓட வேண்டும். பழவேற்காட்டு நண்டு, இறால், மீன் ஏற்றும் வண்டிகளுக்குத் துறைமுக லாரிகளோடு முட்டாத ஒரு வழி வேண்டும். பரந்தூரில் முதல் ஓடுபாதை போடும் முன்பே இவ்விரண்டையும் அரசு எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி மக்கள் இதை இப்போதே கேட்க வேண்டும்.